குதிரைக்குள் தாவிய 227 எழுத்துகள்

"பந்தயக் குதிரைகள் வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டே போகின்றனவா?" என்று குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எருது விடும் விழாவில் நொடிக் கணக்கை விடாமல் பார்க்கிறவராம்.

தூரத்தைப் பொறுத்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசர் பெயரால் நடந்த பந்தயங்களில் ஆறு வயதுக் குதிரைகள் நான்கு மைல் ஓடின, அதுவும் ஒரே நாளில் பல சுற்று. பிறகு தூரம் சுருங்கியது, இரண்டு வயதுக் குட்டிகளே களமிறங்கின. 1900ஐ ஒட்டி ஜாக்கிகள் அங்கவடியை உயர்த்திக் கட்டி, சேணத்தில் உட்காராமல் குனிந்து ஓட்டத் தொடங்க, பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்தது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மயோஸ்டாட்டின் என்ற புரதம் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம். அதன் மரபணுவுக்குச் சற்று முன்னால், எவ்வளவு தயாரிப்பது என்று தீர்மானிக்கும் பகுதி இருக்கிறது. டி.என்.ஏ.வுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. 227 எழுத்து (டி.என்.ஏ.வின் வேதி அலகைத்தான் எழுத்து என்கிறேன்) நீளத் துண்டொன்று எப்போதோ ஒரு குதிரைக்கு அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கடிவாளம் தளர்ந்தது. இரண்டு வயதிலேயே தொடை திரண்டுவிடும். ஆக்சிஜனுக்குக் காத்திராமல் கிளைகோஜனை (தசையில் சேமித்த மாவுச்சத்து) எரித்துச் சட்டென்று சுருங்கும் தசைநார்கள் கூடும். ஆயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு அது போதும். துண்டு இல்லாத குதிரை 2,000 மீட்டருக்கு மேலும் தம் பிடித்து ஓடும். தாய் தந்தையில் ஒருவரிடம் மட்டும் துண்டை வாங்கியது நடுத்தூரக் குதிரை.

மரபணுவுக்கும் தூரத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 2010இல் டப்ளின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2012இல் மூலத்தையும் தேடினார்கள்: சுமார் 300 ஆண்டுகளுக்கு முந்தைய, பெரும்பாலும் பிரிட்டனின் உள்ளூர்ப் பெண்குதிரை ஒன்று. டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்று மூதாதை ஆண்குதிரைகளைச் சொல்லி அப்பன் பெருமையே பேசிவந்த குலத்துக்கு வேகம் வந்தது பெயர் தெரியாத ஓர் அம்மாவிடமிருந்து! அதை உலகெங்கும் பரப்பியது 1954இல் பிறந்த நியர்க்டிக் என்ற குதிரையின் வம்சம், முக்கியமாக அதன் மகன் நார்தர்ன் டான்சர்.

நம் பக்கம் குதிரையோ காளையோ, சுழி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்தச் சுழி ஒன்றும் சொல்லாது. அதிலிருந்தே ஒரு ரோமத்தை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை வந்துவிடும். பந்தயக் குதிரைக்கு இதைச் செய்யப் பணக்காரர்கள் இருக்கிறார்கள்; நம் காளைகளுக்கு அரசுதான் செலவழிக்க வேண்டும், செலவழிக்கலாம் என்பேன்.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் சமீபப் பத்தாண்டுகளில் வேகம் கூடியிருப்பது முக்கியமாகக் குறுந்தூரப் பந்தயங்களில்தான். நெடுந்தூரத்தில்? அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 நொடியில் ஓடி முடித்தது 1973இல். அந்தப் பந்தயத்தில் அந்தச் சாதனையை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.