ரன் அமோக்: நம்ம ஊர் ஆமுக் இங்கிலீஷ்ல ஓட ஆரம்பிச்ச கதை

ஒரு திங்கக்கிழமை காலையில பினாங்கு பாயான் லெப்பாஸ்ல வேலைக்குப் போய் மெயிலைத் தொறந்தேன். அமெரிக்கா ஆபீஸ்ல இருக்கற ஒருத்தர், லேட்டா பதில் போடறேன் மன்னிச்சுக்கோங்க, சனி ஞாயிறு முழுக்க என் ரெண்டு வயசுப் பையன் ‘ரன் அமோக்’ பண்ணிட்டான்னு எழுதியிருந்தார். படிச்சதும் எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. ஏன்னா நம்ம மலேசியாவுல ‘மெங்காமுக்’னு, அதாவது ஆமுக் பண்ணிட்டான்னு, பேப்பர்ல தலைப்பு வந்தா அது என்னன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஒருத்தன் பாராங்கத்தியை எடுத்துக்கிட்டு எதிர்ல வர்றவங்களை எல்லாம் வெட்டியிருப்பான், அக்கம்பக்கத்துல கதவைச் சாத்திக்கிட்டு இருப்பாங்க, போலீஸ் வந்திருக்கும். அந்த வார்த்தையைப் போய் ரெண்டு வயசுக் குழந்தைக்கா போடுவாங்க?

‘எல்லாரும் நல்லா இருக்காங்களா, யாருக்கும் அடிபடலையே’ன்னு பதில் டைப் பண்ணிட்டேன். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஏதோ இடிச்சது. பக்கத்து சீட்டு மலாய்க்கார அக்காகிட்ட மெயிலைக் காட்டினேன். அவங்க படிச்சிட்டு, நாங்களே வீட்டுல ‘மாக் மெங்காமுக்’னு சொல்லுவோம்லா, அம்மா பயங்கரமா திட்டினாங்கன்னு அர்த்தம், அதுக்காக அம்மா கத்தி எடுத்தாங்கன்னா அர்த்தம்னு கேட்டாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, வார்த்தை எனக்குத் தெரியும், அதோட எடை எனக்குத் தெரியல.

இந்த எடை விஷயம்தான் இங்கிலீஷைப் படிச்சுக் கத்துக்கிட்டவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான இடம்னு நான் நினைக்கறேன். அதனால இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, அது எங்கேருந்து வந்துச்சு, இப்ப என்ன அர்த்தத்துல ஓடுது, தமிழ்ல அதுக்கு என்ன சொல்லணும்னு எழுதறேன்.

இன்னிக்கு இங்கிலீஷ்ல ரன் அமோக்னா கட்டுப்பாடு இல்லாம, கண்ணு மண்ணு தெரியாம நடந்துக்கறது. ஆள் பண்ணலாம், யானை பண்ணலாம், கம்ப்யூட்டர் புரோகிராம் பண்ணலாம், ஒருத்தரோட கற்பனை கூட பண்ணலாம். ரத்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. குழந்தைங்க பர்த்டே பார்ட்டில சோபா மேல ஏறிக் குதிச்சாலும் இதே சொல்தான், கேரளாவுல கோயில் யானை சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடினாலும் இங்கிலீஷ் பேப்பர்ல இதே சொல்தான். எந்த அளவுன்னு கண்டுபிடிக்க ஒரே வழி, யார் ஓடறாங்கன்னு பார்க்கறது. எழுவாய் குழந்தையா இருந்தா சிரிப்பு, மெஷினா இருந்தா தலைவலி, கையில ஆயுதத்தோட ஒரு ஆளா இருந்தா அது உண்மையான பயங்கரம்.

சொல் எங்கேருந்து வந்துச்சுங்கறதுல பெரிய சண்டை இல்ல. மலாய்ல ‘ஆமுக்’, பழைய எழுத்துமுறையில அமோக், ஆவேசத்தோட பாய்ஞ்சு தாக்கறது. பழைய மலாய்க் கதைகள்ல போர்க்களத்துல உயிரைப் பொருட்படுத்தாம எதிரிக் கூட்டத்துக்குள்ள புகுந்து வெட்டறதுக்கும் இந்தச் சொல்தான், அங்க அது வீரம், கேவலம் இல்ல. ஐரோப்பாக்காரங்கள்ல 1516 வாக்குல துவார்த்தே பார்போசாங்கற போர்ச்சுகீசியர், ஜாவாக்காரங்க சிலர் குத்துவாளோட தெருவுல இறங்கி எதிர்ப்பட்டவங்களைக் கொல்லுவாங்க, அவங்களை ‘அமுக்கோ’ன்னு சொல்லுவாங்கன்னு எழுதி வச்சிருக்கார். அப்புறம் 1770ல கேப்டன் குக் கப்பலை ரிப்பேர் பண்ண பத்தேவியாவுல, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுல, நின்னப்ப அவரோட பயணக் குறிப்புலயும் இந்தச் சொல் வந்துச்சு, அபின் மயக்கத்துல வெளிய ஓடி வந்து, தனக்குத் தீங்கு பண்ணினவன்னு நினைக்கறவனையும் குறுக்கே வர்றவனையும் கொல்றதுன்னு விளக்கத்தோட.

ஆனா இங்கிலீஷ்காரங்க காதுல அது தப்பா விழுந்துச்சு. ‘அ மக்’னு ரெண்டா பிரிச்சுட்டாங்க. அவங்க மொழில பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ‘அ’ன்னு ஒண்ணு வருமே, அதுதான் இதுன்னு நினைச்சு, மிச்சத்தை ‘மக்’னு ஒரு தனிச் சொல்லாவே ஆக்கிட்டாங்க. 1672லயே கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் அப்படிப் பிரிச்சுதான் எழுதியிருக்கார். 1687ல கவிஞர் ட்ரைடன் இன்னும் ஒரு படி மேல போய், ‘அ’வுக்கும் ‘மக்’குக்கும் நடுவுல ‘இந்தியன்’னு ஒரு சொல்லை நுழைச்சு ‘இந்தியன் மக்’னு எழுதினார். அந்தக் காலத்துல கிழக்குத் தீவுகள் மொத்தத்தையும் அவங்க இண்டீஸ்னுதான சொன்னாங்க, அதனால மலாய்க்காரன் சொல்லுக்கு இந்தியன் பட்டம். 1733ல கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் அதே மாதிரி பிரிச்சுதான் எழுதினார். இங்கிலீஷ்ல இது அபூர்வம் இல்ல, ‘நேப்ரன்’னு இருந்ததுதான் ‘அ நேப்ரன்’, ‘அன் ஏப்ரன்’னு எல்லை நகர்ந்து இன்னிக்கு சமையல்ல கட்டிக்கிற ஏப்ரன் ஆச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா நானே அந்தப் பள்ளத்துல விழுந்திருக்கேன். பதினஞ்சு வயசுல சௌராஸ்தா மார்க்கெட் மாடியில இருக்கற பழைய புத்தகக் கடைகள்ல ஒண்ணுல, அட்டை கிழிஞ்ச ஒரு பழைய கடல்பயணக் கதையை வாங்கினேன். அதுல இந்தச் சொல் பிரிச்சு அச்சாகியிருந்துச்சு. அகராதில மக்னு தேடினா சகதி, சாணின்னு போட்டிருந்துச்சு. பென்சில்ல ஓரத்துல ‘சேத்துல ஓடினான்’னு குறிச்சு வச்சேன். கப்பல் மேல்தளத்துல சேறு எப்படி வரும்னு அந்த வயசுல ரொம்ப நேரம் யோசிச்சது இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. தினமும் ஸ்கூல்ல மலாய் படிச்சுக்கிட்டிருந்த பிள்ளைக்கு, அந்தச் சொல் மலாய்ப் பாடப் புத்தகத்துலயே இருக்குன்னு சொல்ல ஆள் இல்ல. அது எனக்கு இப்பவும் ஆதங்கம்தான். நம்மகிட்ட மூணு நாலு மொழி இருக்கு, ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனி அலமாரில பூட்டி வச்சுத்தான் நமக்குச் சொல்லிக் கொடுக்கறாங்க.

1886ல யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கிலோ இந்திய அகராதிலயும் இதுக்கு இடம் இருக்கு, அதுலயும் தலைச்சொல் பிரிச்சு ‘அ மக்’தான். இந்த பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். சொல் மலாய் நாடுகள்லேருந்துதான் இங்கிலீஷுக்கு வந்துச்சுன்னு அவங்க உறுதியா சொல்றாங்க, கூடவே மலபார் பக்கமும் கையைக் காட்டறாங்க. மன்னனுக்காகச் சாகறேன்னு சத்தியம் பண்ணிட்டு எதிரி மேல பாயற வீரர்களைப் போர்ச்சுகீசியர்கள் அங்கயும் ‘அமோக்கோ’ன்னு எழுதியிருக்காங்க, மலையாளத்துல அந்த வீரர்களுக்கு சாவேர்னு பேரு. அந்தச் சொல்லுக்குள்ள சாவு இருக்கறது நமக்கு விளக்காமலே கேட்கும்.

ஒரே சொல் வேற வேற வீட்டுல வேற வேற எடைல இருக்கறதைப் பாருங்க. ஜெர்மன்ல ‘அமோக்லாஃப்’னா இன்னிக்கும் கொலைதான், ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடு நடந்தா அங்க பேப்பர்ல வர்ற சொல் அது. டச்சுல ‘அமோக் மாக்கன்’னா கலாட்டா பண்றது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வச்சிருக்கற நோய்ப் பட்டியலோட 1994 பதிப்புல, குறிப்பிட்ட பண்பாட்டோட சேர்ந்த நோய்கள்னு ஒரு பகுதியில அமோக்கும் இருந்துச்சு. அதே நாட்டுலதான் ரெண்டு வயசுப் பையனுக்கும் அந்தச் சொல்லைப் போடறாங்க. அதனால, வேர் தெரிஞ்சா அர்த்தம் தெரிஞ்சுடும்னு நினைச்சா மோசம் போயிடுவோம். என்னை அந்த மெயில்ல ஏமாத்தினதே எனக்கு வேர் தெரிஞ்சிருந்ததுதான்.

இதே மாதிரி இன்னொண்ணு. அமெரிக்கக் குழந்தைங்க கதைல, ‘அவன் பக்கத்துல உக்காராதே, அவனுக்கு கூட்டீஸ் இருக்கு’ன்னு வரும். மலாய்ல ‘கூத்து’ன்னா பேன், நம்ம ஊர்ல தெரியாதவங்க இல்ல. முதல் உலகப் போர்ல பதுங்குகுழில கிடந்த சிப்பாய்ங்க உடம்புல ஊர்ற பேனுக்கு கூட்டீஸ்னாங்க, அது இந்த மலாய்ச் சொல்லுலேருந்து போனதாத்தான் அகராதிகள் சொல்லுது. ஆனா கதைல வர்ற கூட்டீஸ் பேன் இல்ல, பிடிக்காத பிள்ளைக்கிட்ட இருக்கறதா மத்த பிள்ளைங்க கற்பனையா சொல்ற ஒட்டுவாரொட்டி. பேன்னு மொழிபெயர்த்தா, தலை சீவிவிட அம்மா எங்கன்னு வாசகர் தேடுவார். மலாய்ல கூத்துபுக்குன்னா நேர் அர்த்தம் புத்தகப் பேன், ஆனா சொல்றது எந்நேரமும் படிச்சுக்கிட்டே இருக்கறவரை. இங்கிலீஷ்காரனுக்கு அது புழு, நாமளும் புழுன்னே எடுத்துக்கிட்டோம்.

சரி, ரன் அமோக்குக்குத் தமிழ் என்ன? ஒரே சொல்லைத் தேடினா கிடைக்காது, தேடவும் கூடாதுங்கறது என் முடிவு. கத்தியும் ரத்தமும் இருந்தா ‘வெறியாட்டம்’. நம்ம தமிழ்ப் பேப்பர்ல போடற சொல்லும் அதுதான், சரியான சொல்லும் அதுதான். ஆனா இந்த வெறிக்கும் ஒரு பெரிய பயணம் இருக்கு. சங்கப் பாட்டுல வெறியாட்டுன்னா வேலன்ங்கற பூசாரி, முருகன் தன் மேல இறங்க ஆடறது. பொண்ணு காதல்ல மெலிஞ்சு போயிருப்பா, அம்மாவுக்குக் காரணம் தெரியாது, முருகன் அணங்கிட்டான், அதாவது பிடிச்சு வருத்தறான்னு நினைச்சு வேலனைக் கூப்பிடுவா, அவன் களம் அமைச்சு, ஆட்டை வெட்டி, ஆடிப் பார்த்துச் சொல்லுவான். வெறின்னா நறுமணம்னும் ஒரு பொருள் இருந்துச்சு. அப்படி இருந்த சொல் வெறிநாய், மதவெறின்னு இருட்டுப் பக்கம் போயிடுச்சு. தெய்வம் வந்து ஆடறதுக்கு இப்ப நாம வெறின்னு சொல்றதில்ல, அருள் வந்துடுச்சுன்னுதான் சொல்றோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல காவடி எடுக்கறவர் அருள் வந்து ஆடறதைப் பார்த்துட்டு யாராவது இங்கிலீஷ்ல அமோக்னு எழுதினா அது பெரிய தப்பு, அங்க கட்டுப்பாடு போகலை, விரதமும் வேண்டுதலும் பாதையும் எல்லாம் ஒழுங்கோடதான் இருக்கு. அதே வெறி இப்ப பசங்க வாயில ‘வெறித்தனம்’னு பாராட்டா திரும்பி வந்திருக்கு. ‘சாப்பாடு வெறித்தனம்’னு நம்ம தம்பி போடறதை அகராதி வச்சுக்கிட்டுத் தமிழ் கத்துக்கற வெள்ளைக்காரர் படிச்சா, அந்த மெயிலைப் படிச்சு எனக்கு ஆன மாதிரியே அவருக்கும் திக்குனு ஆகும்.

மெஷின், புரோகிராம், விலைவாசி மாதிரி கட்டு அறுந்து ஓடற எதுக்கும் ‘தறிகெட்டு ஓடறது’. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது. தறின்னா நட்டு வச்ச கம்பம், யானையைக் கட்டற கம்பத்துக்கும் கட்டுத்தறின்னுதான் பேரு. அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக்கிட்டு ஓடற யானையை நினைச்சுப் பார்த்தா, ரன் அமோக்ல இருக்கற ஓட்டமும் கிடைச்சுடுது, கட்டு போனதும் கிடைச்சுடுது. மலாய் மெங்காமுக்ல ஓட்டம் இல்ல, அந்த ரன் இங்கிலீஷ்ல வந்து சேர்ந்தது, நம்ம சொல்லுல அது முன்னாடியே இருக்கு. கோபத்துல ஒருத்தர் நிதானம் இழந்தா ‘கண்ணு மண்ணு தெரியாம’ போதும். மலாய்க்காரங்களும் அதுக்கு ‘கெலாப் மாத்தா’ன்னுதான் சொல்றாங்க, கண்ணு இருண்டு போச்சுன்னு. பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்த ரெண்டு மொழியும் கோபத்தைக் கண்ணுலதான் பார்த்திருக்கு.

குழந்தைக்கு என்ன சொல்றதுன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன். மெயில்ல இருந்ததைச் சொல்லி, இதைத் தமிழ்ல எப்படிம்மா சொல்லுவீங்கன்னு கேட்டதுக்கு, அவங்க முருங்கைக்கீரை உருவிக்கிட்டே நிமிராம, ‘வீட்டை ரெண்டாக்கிட்டான்னு சொல்லு’ன்னாங்க. அதுக்கு மேல ஒரு சரியான மொழிபெயர்ப்பு எந்த அகராதிலயும் இருக்காது. அதட்டலும் இருக்கு, செல்லமும் இருக்கு, ரத்தம் இல்ல.

நான் டைப் பண்ணி வச்சிருந்த பதிலை அழிச்சுட்டு, இன்னிக்காவது தூங்க விட்டானான்னு மட்டும் எழுதி அனுப்பினேன்.

போன மாசம் நிபோங் திபால்லேருந்து புதுசா ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி ஷிப்டுல டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஒண்ணு நிக்காம ஓடி சர்வரை நிரப்பிடுச்சு, கைடுல ‘இஃப் இட் ரன்ஸ் அமோக்’னு இருந்த வரியைக் காட்டி, அண்ணே இதுக்கு என்ன அர்த்தம், மெங்காமுக்கான்னு கேட்டார். ஆமா தம்பி, அதே சொல்தான், ஆனா இங்க யாரும் யாரையும் வெட்டல, ஸ்கிரிப்ட் தறிகெட்டு ஓடினா முதல்ல அதை நிறுத்து, அப்புறம் லாக் ஃபைலைப் பாருன்னேன். அவர் கைடு ஓரத்துல பென்சில்ல ‘தறிகெட்டு ஓடினா’ன்னு எழுதிக்கிட்டார்.