11:12-க்கும் 6:05-க்கும் நடுவில் பேட்டரியில் என்ன நடந்தது?

பழைய லேப்டாப் ஒன்றின் பேட்டரிக்கு இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆசை. நிமிடத்துக்கு ஒருமுறை சார்ஜ் சதவீதத்தைக் கோப்பில் எழுதிவைக்கும்படி நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். இரவு சார்ஜரைச் செருகி, மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன். காலையில் கோப்பின் கடைசி வரிகள் இப்படி இருந்தன:

23:11 – 40
23:12 – 41
06:05 – 100

நடுவில் ஒரு வரிகூட இல்லை. ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெற்றிடம். ஸ்கிரிப்ட்டைக் குறை சொல்ல முடியாது. மூடியைச் சாத்தியதும் பிராசஸர் உறங்கப் போய்விட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்த எல்லாமே இருந்த இடத்தில் உறைந்துவிட்டன. ஆனாலும் பேட்டரி நிரம்பியிருக்கிறது. மூடியைத் திறந்த மறுகணமே 100 என்ற எண்ணும் தயாராகக் காத்திருந்தது. முதலாளி தூங்கும்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தது யார்?

முதலில் ஒன்று: சார்ஜ் ஏற்றுவதற்குப் பிராசஸரின் தயவே வேண்டியதில்லை. அதற்கென்று போர்டில் தனியாக ஒரு சார்ஜர் சிப் இருக்கிறது. (சுவரில் செருகுவதைத்தான் நாம் சார்ஜர் என்கிறோம். பெரும்பாலான கருவிகளில் அது வெறும் அடாப்டர். சார்ஜ் செய்கிற வேலை கருவிக்குள்தான் நடக்கிறது.) 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே லித்தியம் அயான் பேட்டரி கொஞ்சம் முன்கோபி. வழக்கமான செல் ஒன்றை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. அப்படிப்பட்டதை, எந்த நேரமும் தொங்கிப்போகக்கூடிய ஒரு மென்பொருளை நம்பி விட முடியுமா? அதனால் சார்ஜர் சிப் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற மாதிரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அதன் வேலை மூன்று கட்டம். பேட்டரி அடியோடு வற்றிப்போய் 3 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தால், முதலில் சிறிய மின்னோட்டத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எழுப்பும். பிறகு மாறாத மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றும். மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டு, மின்னோட்டத்தைத் தானாகத் தேய விடும். அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் ‘போதும்’ என்று நிறுத்திவிடும். வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். பேட்டரியை ஒட்டி வைத்திருக்கும் தெர்மிஸ்டர், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு பொருள், அந்தத் தகவலைத் தருகிறது. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம், செல்லின் எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படியத் தொடங்கும். 45 டிகிரியைத் தாண்டினாலும் பொதுவாக நிறுத்தம்தான். இத்தனையும் திரை இருண்டிருக்கும்போதே நடக்கிறது.

ஆனால் சார்ஜர் சிப்புக்குச் சதவீதம் தெரியாது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் மட்டும்தான் அதற்குத் தெரியும். சதவீதம் சொல்பவர் வேறு ஆள்: கேஜ் சிப். லேப்டாப்பில் இது பெரும்பாலும் பேட்டரி பேக்குக்குள்ளேயே, செல்களோடு குடித்தனம் நடத்துகிறது.

கேஜ் சிப் கணக்குப் போடும் முறை எனக்குப் பிடித்தமான பகுதி. பேட்டரிக்கும் மற்ற சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு மிகச் சிறிய மின்தடை வைத்திருப்பார்கள். 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே 20 மில்லி வோல்ட் தோன்றும். அதை அளந்து, எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால், உள்ளே போன மின்னூட்டம் கிடைத்துவிடும். வரவு செலவு நோட்டு மாதிரிதான். சிக்கல் உறக்கத்தில் தொடங்குகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தூங்கும் கருவி 5 மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்கிறது என்றால், அதே மின்தடையில் தோன்றுவது 50 மைக்ரோ வோல்ட்தான். அளக்கும் கருவியிலேயே 10 மைக்ரோ வோல்ட் பிசகு இருந்தால், அது 1 மில்லி ஆம்பியர் பொய்க்கணக்கு. ஒரு நாளில் 24 மில்லி ஆம்பியர் மணி. ஒரு வாரத்தில் 168. சிறு துளி பெருவெள்ளம் என்பது பிழைக்கும் பொருந்தும்.

இந்தப் பிழையைத் திருத்துவதற்கும் உறக்கமே உதவுகிறது என்பதுதான் வேடிக்கை. பேட்டரியிலிருந்து மின்சாரம் ஏறாமலும் இறங்காமலும் நீண்ட நேரம் சும்மா கிடந்தால், அதன் மின்னழுத்தம் ஒரு நிலைக்கு வந்து அமரும். அந்த அமைதியான மின்னழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் சார்ஜுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்கான அட்டவணை கேஜ் சிப்பின் நினைவகத்தில் இருக்கிறது. கருவி ஆழ்ந்து தூங்கும் நேரம் பார்த்து அது நோட்டை அட்டவணையோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்கிறது. இரவில் 52-ல் விட்ட போன் காலையில் 53 காட்டினால், காற்றிலிருந்து சார்ஜ் ஏறிவிடவில்லை. கணக்குப்பிள்ளை தப்பைத் திருத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் இவர்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு: எம்பெடட் கன்ட்ரோலர் என்கிற சிறிய மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி. விசைப்பலகை, மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், சார்ஜ் விளக்கு எல்லாம் இதன் பொறுப்பில்தான். பிராசஸர் எஸ்3 எனப்படும் உறக்கநிலைக்குப் போகும்போது நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் கண் மூடுவதில்லை. ஆரஞ்சு விளக்கு வெள்ளையாக மாறுவது இதன் கைவேலை. இந்த உறக்கநிலைகளை வகுத்துவைத்த ஏ.சி.பி.ஐ. விதிமுறை 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டது. மூடியைத் திறந்ததும் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த விதிமுறைப்படி கன்ட்ரோலரைக் கேட்கிறது. கன்ட்ரோலர் கேஜைக் கேட்டுச் சொல்கிறது. எனக்குக் கிடைத்த 100 அப்படி வந்ததுதான்.

இப்போது வரும் பல லேப்டாப்புகளில் எஸ்3 இல்லை. திரை அணைந்திருக்கும், உள்ளே அவ்வப்போது மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருக்கும். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். பையில் வைத்த லேப்டாப் சூடாக வெளியே வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வரும்.

போனில் மேஸ்திரி வேலையைப் பார்ப்பது பவர் மேனேஜ்மென்ட் சிப். கேபிளைச் செருகிய நொடியில் அது பிராசஸருக்கு ஓர் இன்டரப்ட், அதாவது தோளைத் தட்டும் ஒரு சமிக்ஞை, அனுப்புகிறது. திரை ஒளிர்வது அதனால்தான். முழுக்க அணைத்துவைத்த போனில் கேபிளைச் செருகினாலும் பேட்டரிப் படம் வருகிறதே, அப்போது போன் அந்தப் படத்தைக் காட்டத் தேவையான அளவுக்கு மட்டும் எழுந்திருக்கிறது.

கண்காணிப்பதற்கும் விலை உண்டு என்பதைச் சொந்தமாகச் சர்க்யூட் கட்டுபவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். சிறிய மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றைத் தூங்கவைத்து, பேட்டரி மின்னழுத்தத்தை அளக்க 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை வரிசையாகப் போட்டேன். ஆழ்ந்த உறக்கத்தில் அந்த போர்டு இழுப்பது ஏறக்குறைய 10 மைக்ரோ ஆம்பியர். 4.2 வோல்ட்டில் அந்த இரண்டு மின்தடைகள் வழியாக ஒழுகுவது 21 மைக்ரோ ஆம்பியர். காவலுக்கு வைத்த ஆள் வீட்டுக்காரரைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்! வழி எளிது. பலரும் பயன்படுத்தும் டிபி4056 சார்ஜர் சிப்பில் ஒரு கால் (பின்), சார்ஜ் ஏறும்போது தாழ்நிலைக்கு, அதாவது 0 வோல்ட்டை ஒட்டி, போகும். நிரம்பியதும் இன்னொரு கால் தாழ்ந்துவிடும். அந்தக் கால்களை மைக்ரோகன்ட்ரோலரை எழுப்பும் காலோடு இணைத்துவிட்டால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்க வேண்டியதில்லை. ஆனதும் அதுவே சொல்லும்.

என் லேப்டாப்புக்குத் திரும்புகிறேன். விழித்ததும் கேஜிடம் கேட்டால் இப்போதைய சார்ஜ், பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவு, இதுவரை எத்தனை சார்ஜ் சுற்று ஓடியது எல்லாம் கிடைக்கும். எந்த மணிக்கு எவ்வளவு இருந்தது என்பது மட்டும் கிடைக்காது. நோட்டில் இருப்பு உண்டு, தேதிவாரியான பதிவு இல்லை. என் கோப்பை வரைபடமாக்கிய மென்பொருளோ 41-லிருந்து 100-க்கு ஒரே நேர்கோடு இழுத்துவிட்டது. பார்க்காத நேரத்தையும் பார்த்த மாதிரி காட்டும் கோடு.

அதனால் அடுத்த இரவு லினக்ஸின் ஆர்டிசிவேக் கட்டளையைப் பிடித்தேன். பிராசஸர் தூங்கினாலும் போர்டிலுள்ள கடிகாரம் ஓடும்; அதில் அலாரம் வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, ஒரு வரி எழுதிவிட்டு, மறுபடி தூங்கச் சொன்னேன். அதே 41-லிருந்து, அதே நேரத்தில் தொடங்கினேன். கிடைத்தது இது:

23:27 – 52
23:42 – 63
23:57 – 73
00:12 – 82
00:27 – 88
00:42 – 93
00:57 – 96
01:12 – 98
01:27 – 99
01:42 – 100

முதலில் மளமளவென்று ஏறி, 80-ஐத் தாண்டியதும் மூச்சு வாங்குவது தெரிகிறதல்லவா? மாறாத மின்னோட்டம் முடிந்து மாறாத மின்னழுத்தம் தொடங்கும் வளைவு அது. நேர்கோட்டின்படி 1:42-க்கு 62 இருந்திருக்க வேண்டும். உண்மையில் அப்போதே நிரம்பி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 6:05 வரை, நாலு மணி நேரத்துக்கும் மேலாக, ஒவ்வொரு வரியிலும் 100, 100, 100.

என்னை உறுத்தியது இந்த நாலு மணி நேரம்தான். உச்ச மின்னழுத்தத்தில் சும்மா கிடப்பதும் லித்தியம் அயான் பேட்டரியை வயதாக்குகிறது. சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. ஐபோனில் 2019-இல் ஐ.ஓ.எஸ். 13-உடன் வந்த வசதி, நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு 80 சதவீதத்தில் நிறுத்திவைத்து, விழிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு மீதியை ஏற்றுவது இதற்காகத்தான். என் பழைய லேப்டாப்புக்கு அவ்வளவு சமர்த்து போதாது. ஆனால் அதன் எம்பெடட் கன்ட்ரோலருக்கு ‘80-க்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லிவைக்க ஓர் அமைப்பு இருந்தது. சொல்லிவைத்தேன். இப்போது கோப்பில் 00:12-க்குப் பிறகு வரும் வரிகளெல்லாம் 80.