இடி கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்

காற்றாலைகளில் பராமரிப்பு வேலை எனக்கு. உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் பதினேழு வருடமாக டவர் ஏறி இறங்குகிறேன். வைகாசியில் காற்று சீசன் சூடு பிடிப்பதற்குள் மெஷின்களைத் தயார் செய்துவிட வேண்டும். அதற்கு எங்களுக்குக் கிடைப்பது மாசி, பங்குனி, சித்திரை. கோடை இடிமழையும் அதே மாதங்களில்தான் வரும். எண்பது மீட்டர் உயரத்தில் இருப்பவர் பெல்ட்டை மாற்றி மாட்டி ஏணி வழியாகத் தரைக்கு வர கால் மணி நேரமாவது ஆகும். இடி கேட்ட பிறகு இறங்க ஆரம்பித்தால் நேரம் போதாது. அதனால் ஏறுவதற்கு முன்னாலும் ஏறிய பிறகும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழகிவிட்டோம்.

எங்களுக்காவது இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. எங்கள் டவருக்குக் கீழேயே கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஆடு மேய்ப்பவர்களுக்கும், களத்தில் சோளத்தட்டு அடுக்குபவர்களுக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆபத்து ஒன்றுதான்.

செல்போனில் வானிலை அறிக்கை வருகிறதே என்பீர்கள். கட்டாயம் பாருங்கள். வானிலை மையமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தருவது நல்ல தகவல். மின்னல் எங்கே விழுகிறது என்று காட்ட ‘தாமினி’ என்ற செயலி இருக்கிறது. ஆனால் காலையில் வரும் அறிக்கை, மாவட்டத்தில் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்றுதான் சொல்லும். கோடை மேகம் ஒன்று பத்து கிலோமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. காங்கேயத்தில் கொட்டும், வெள்ளகோவிலில் புழுதி பறக்கும். அந்த ஓரிடம் நம் காடா என்று கடைசி ஒரு மணி நேரத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். வாசலோ சில நூறு மீட்டர்தான். ஆனி, ஆடியில் அரபிக்கடல் காற்று அதில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே வந்ததற்குக் காரணமே அதுதான். அந்தக் காற்று தன் மழையைக் கேரளத்திலும் மலையிலும் இறக்கிவிட்டு வருவதால், ஆடியில் தலைக்கு மேல் எவ்வளவு மேகம் ஓடினாலும் தாராபுரத்துக்குத் தூறல்தான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சாரல் உண்டு. புரட்டாசியில் மெஷின்கள் சுற்றாமல் நிற்கும். அப்புறம் ஒருநாள் காலையில் போனால், மாதக்கணக்கில் மேற்கே பார்த்திருந்த மெஷின்கள் எல்லாம் வடகிழக்கே திரும்பியிருக்கும். நமக்கு உண்மையான மழை அந்தக் காற்றோடுதான் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கணக்கு உதவும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கைப்பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி, காற்றழுத்தத் தாழ்வு இருக்கும். 1857இல் பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் எழுதிய விதி இது. வாடைக்காற்று முதுகில் பட்டால் இடது கை கிழக்கே, வங்கக்கடல் பக்கம் காட்டும். அன்றைக்கு அறிக்கையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

கோடை மேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் உருவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பத்து, பதினோரு மணிக்குப் பஞ்சுப் பொதி போலச் சின்ன மேகங்கள் கிளம்பும். அகலமாக, தட்டையாக இருந்தால் பயமில்லை. அகலத்தைவிட உயரம் கூடி, காலிஃபிளவர் பூப்போல விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அது இன்னும் வளர்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் தலை முளைக்கும். பிறகு உச்சியின் கூர்மை கலைந்து, சீவாத முடி மாதிரி நார் நாராகி, இருபுறமும் தட்டையாக விரியும். மேலே நீர் பனித்துகளாக மாறிவிட்டது. கொல்லர் பட்டறைக் கல்போலத் தலை விரித்த அந்த மேகத்தைக் கண்டால், வெயில் சுள்ளென்று அடித்தாலும் நான் யாரையும் மேலே அனுப்ப மாட்டேன்.

அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்குங்கள். அடிவானத்திலிருந்து மேகத்தின் உச்சிவரை ஒரு முஷ்டி உயரம் என்றால், 12 கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு முஷ்டி என்றால் 30 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி. மூன்று என்றால் 20 கிலோமீட்டர்தான். நான் இரண்டு முஷ்டியிலேயே ஆட்களை இறக்கிவிடுவேன். நம் பக்கம்தான் வருகிறதா என்பதற்கு ஒரு பனைமரத்தையோ சுவர் மூலையையோ பிடித்து நின்று, அந்த விளிம்பை ஒட்டி மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். டவர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகம் ஓடுவது தெரியாது, டவர்தான் நம்மேல் சாய்வது போலத் தெரியும். புதுப் பையன்களுக்கு அதில் தலை சுற்றிவிடும்.

சில வருடம் முன்பு ஒரு சித்திரை மதியம். காற்றே இல்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தென்கிழக்கே மேகம் இரண்டு முஷ்டியைத் தொட்டதும் நாங்கள் நான்கு பேரும் இறங்கிவிட்டோம். ஜீப்பில் சாமான் ஏற்றும்போது தூரத்து வரிசை மெஷின்கள் தென்கிழக்கே திரும்ப ஆரம்பித்தன. பிறகு அடுத்த வரிசை. நடுவே தரையோடு ஒரு புழுதிக்கோடு எங்களை நோக்கி வந்தது. மழையோடு சேர்ந்து விழும் குளிர்ந்த காற்று, தரையில் மோதிப் பரவி, மழையை முந்திக்கொண்டு வரும் கோடு அது. புழுக்கத்தில் இருக்கும்போது திடீரென்று சில்லென்று திசைமாறி அடித்தால், ‘அப்பாடா’ என்று நிற்காதீர்கள். மின்னல் எட்டும் தூரத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் ஆடுகளோடு உடைமரத்தடியில் ஒதுங்கியிருந்தார்.

“அப்புச்சி, மரத்தடியில நிக்காதீங்க, வண்டிக்குள்ள வாங்க.”

“மழையே காணமே, கண்ணு.”

“மழை பெறகு வரும். இடி முன்னாலயே விழும், வாங்க.”

வேண்டாவெறுப்பாக வந்தார். ஆடுகளை மரத்தை விட்டுத் துரத்திவிட்டுத்தான் ஏறினார். முதல் துளி கண்ணாடியில் விழுவதற்குள், வேலியோரத்து ஒற்றைப் பனையில் மின்னல் இறங்கியது. மட்டை புகைந்தது. அவர் நின்ற மரத்துக்கும் அதற்கும் நாற்பது அடி இருக்காது.

‘இடி விழுந்து’ செத்ததாகச் சொல்கிறோம், விழுவது மின்னல். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கும் காட்டிலும் அது விழும். மரத்தில் இறங்கியது தரையிலும் பரவும். மரத்தடியில் ஆடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பது அதனால்தான். எங்கள் டவரில் இடிதாங்கி இருக்கிறதே என்று அதன் படிக்கட்டில் ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடிதாங்கி மின்னலைக் கொண்டுபோய் விடுவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த மண்ணுக்குள்தான். தயவுசெய்து வேண்டாம். கம்பிவேலி, டிரான்ஸ்பார்மர், சுவர் இல்லாத தகரக் கொட்டகை இவையும் வேண்டாம். ஒதுங்குவதென்றால் கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு, இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார், பஸ். இரண்டும் இல்லையென்றால் மரத்தை விட்டு விலகி, பள்ளமான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். படுக்கக் கூடாது.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் உள்ளே போயாக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. மழை விட்டதும் ஓடிப்போய் வாழை சாய்ந்ததா என்று பார்க்கும் அவசரம் எனக்கும் புரியும், எங்கள் வீட்டிலும் கதலி இருக்கிறது. மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் நிற்காது, தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ஜீப்புக்குள் அந்த அரை மணி நேரத்தில் பெரியவர் எனக்கு ஒன்று சொன்னார். நிலாவைச் சுற்றித் தெரியும் வட்டத்தைக் கோட்டை என்பார்கள். ‘கிட்டக் கோட்டை எட்ட மழை, எட்டக் கோட்டை கிட்ட மழை’ என்பது அந்தச் சொல். எட்டக் கோட்டை என்ற பெரிய வட்டம், உயரத்தில் பரவும் பனித்துகள் மேகத்தால் வருவது. கடலில் தாழ்வு உருவாகும் ஐப்பசியில் பலதடவை அந்த மேகம்தான் முன்னால் வந்து சேர்கிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கோடையில் அதை நம்ப வேண்டாம் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் பங்குனி, சித்திரையில் மதியமானால் அவரிடமிருந்து போன் வரும். “கண்ணு, மேல இருக்கறயா? தெக்க ஒண்ணு ஒன்றரை முஷ்டி வந்துருச்சு.”