ரின் மீனா, தகர மீனா, பேணிமீனா?

"அண்ணை, ஒரு ரின் மீன் தாங்கோ." யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்திக் கடையிலும் இவ்வளவு சொன்னால் போதும். கடைக்காரர் கையை நீட்டி, மீனை அடைத்து மூடிய 425 கிராம் ரின் ஒன்றை எடுத்து வைப்பார். கொழும்பில் அதையே செமன் என்று கேட்பார்கள். கோலாலம்பூரில் சார்டின். சென்னையில் கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார், பெரிய கடையில் பாருங்கள் என்பார்; அங்கே மீன் என்றால் பச்சை மீன், இல்லையென்றால் கருவாடு. தமிழர் வாழும் ஊர்கள் பலவற்றில் சமையலறைக்குள் வந்துவிட்ட ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள். இவற்றில் எதுவும் அந்தப் பொருளைச் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் 'டின்', ஈழத்து எழுத்தில் 'ரின்'. ஆங்கிலத்தில் அது ஓர் உலோகத்தின் பெயர். தமிழில் வெள்ளீயம். இரும்புத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வெள்ளீயத்தை மெல்லிதாகப் பூசினால் பிடிக்காது. அப்படிப் பூசிய தகட்டால் செய்த அடைப்புக் கலனை 'டின் கேனிஸ்டர்' என்றார்கள். கேனிஸ்டர் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் நாணல் கூடையைக் குறிக்கும் சொல். நாணல் கூடை எப்படி இரும்புக் கலன் ஆனது என்று கேட்டால், சொற்கள் அப்படித்தான் பயணம் செய்கின்றன. இந்த இரட்டைப் பெயரில் ஆங்கிலேயர் முன்பாதியை வைத்துக்கொண்டு 'டின்' என்றார்கள். அமெரிக்கர் பின்பாதியை எடுத்துக் 'கேன்' என்றார்கள். நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்ததால் நாம் டின் பக்கம்.

தமிழின் 'தகரம்' இதே வழியில் நடந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. தகரம் என்பதும் வெள்ளீயத்தின் பெயர்தான். பிறகு வெள்ளீயம் பூசிய தகடு தகரம் ஆனது. கூரையில் போடும் தகடும் தகரம் ஆனது. எண்ணெய் வந்த கலன் தகர டப்பா ஆனது. உலோகத்தின் பெயர் தகட்டுக்கு, தகட்டின் பெயர் கலனுக்கு. இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்களில் தகரம் என்பது பெண்கள் கூந்தலில் பூசும் மணப்பொருள். குளிர்ந்து மணக்கும் தகரம்! அந்தச் சொல்லும் மழையில் சடசடக்கும் கூரைத் தகரமும் எழுத்தில் ஒன்று, பொருளில் எட்டாத தூரம்.

இன்னொன்று. இன்றைய மீன் ரின்கள் எல்லாவற்றிலும் வெள்ளீயம் இருப்பதில்லை. அலுமினியத்தில் சில, குரோமியம் பூசிய உருக்கில் சில. வெள்ளீயம் போன பின்னும் பெயர் மட்டும் நிற்கிறது. அதனால் 'தகர மீன்' என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத உலோகத்தைச் சொல்கிறது; உணவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்து முறைபற்றியும் ஒரு சொல். தமிழ் இலக்கணப்படி ட எழுத்தில் சொல் தொடங்காது. ஈழத்தில் ஆங்கில ட ஒலியை ர போட்டு எழுதும் வழக்கம் வந்தது: ரவுண் (டவுன்), ரொபி (டாபி), ரின் (டின்). வாயில் ட என்றே வரும், எழுத்தில் ர. பார்க்கப் போனால் ர எழுத்துக்கும் சொல் முதலில் இடமில்லை. தமிழ்நாட்டார் நேராக 'டின்' என்றே எழுதிவிட்டார்கள். இரண்டுமே விருந்தாளிச் சொல்லுக்கு எங்கே பாய் போடுவது என்று திண்டாடியதன் அடையாளம்.

சரி, பொருளுக்கு வருவோம். பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்ற இனிப்புக்காரர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் அது கெடாது என்று கண்டார். அந்த முறையை எல்லோரும் அறிய வெளியிட வேண்டும் என்று 1810ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அதே ஆண்டில் லண்டனில் பீட்டர் டுராண்ட் கண்ணாடிக்குப் பதில் வெள்ளீயம் பூசிய கலனுக்கு உரிமம் எடுத்தார். 1813ல் பிரையன் டொன்கினும் ஜோன் ஹோலும் லண்டனில் ஆலை வைத்துக் கடற்படைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். உணவு ஏன் கெடுகிறது, நுண்ணுயிர் என்ன செய்கிறது என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்து. அதாவது காரணம் தெரிவதற்கு முன்பே கைப்பழக்கம் வந்துவிட்டது. நம் பாட்டிமார் கருவாடு போட்டதும் அப்படித்தானே.

பிரெஞ்சுக்காரர் இந்த முறைக்கு இன்றும் அப்பேரின் பெயரிலேயே 'அப்பேர்த்தாக்கம்' என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். கலனின் பெயரும் இல்லை, உலோகத்தின் பெயரும் இல்லை. செய்கையைக் கண்டவனின் பெயர். அது ஒரு நல்ல மரியாதை.

செய்கை எளியது. மீனைச் சுத்தம் செய்து, கலனில் அடுக்கி, எண்ணெயோ உப்புநீரோ தக்காளிக் குழம்போ ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, பெரிய அழுத்தக் கலத்தில் 120 பாகை செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரியண்ணன் அது. கெடுதல் செய்யும் நுண்ணுயிர் வித்துகளும் அந்தச் சூட்டில் அழியும். பிறகு மூடி திறக்கும்வரை வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போக முடியாது. "ரின் மீனுக்கு மருந்து போட்டிருப்பான்" என்று நம் வீடுகளில் சொல்லும் பேச்சுக்கு அடிப்படை இல்லை. சூடும் மூடியும்தான் காவல்; கெடாமலிருக்க வேறு மருந்து தேவையில்லை. அந்தச் சூட்டில் சிறு மீனின் முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். அதை எடுத்து எறியாதீர்கள், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது.

இனி 'செமன்'. இதுதான் என்னை உண்மையில் உறுத்தும் பெயர். சல்மன் என்ற ஆங்கிலப் பெயர் சிங்களத்தில் செமன் ஆகி, அங்கிருந்து தமிழ்ப் பேச்சுக்கும் வந்தது. ஆனால் கலனுக்குள் இருப்பது பெரும்பாலும் சல்மன் இல்லை. கும்பளா (கானாங்கெளுத்தி) இனமாக இருக்கும், பாரை இனமாக இருக்கும், சூரையாக இருக்கும். பல ஆண்டுகளாக இலங்கைக்கு வந்த கலன்களில் ஒரு பகுதி 'ஜாக் மக்கரல்' என்ற தென் பசிபிக் பாரை இனம். அந்த மீனின் கதையைக் கேளுங்கள். 1995ல் கிட்டத்தட்ட 50 லட்சம் டன் பிடித்தார்கள். சிலி நாட்டுக் கப்பல்கள்தான் அதில் பெரும்பங்கு. 2010க்குப் பிறகு பிடிப்பு 10 லட்சம் டன்னுக்கும் கீழே வந்தது. கடல் வற்றவில்லை, மீன் வற்றியது. 2012ல் தென் பசிபிக் மீன்பிடி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, நாடுகள் அளவு வைத்துப் பிடிக்கத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல மீண்டது. 2019ல் சிலியின் அந்த மீன்பிடி, பொறுப்பான மீன்பிடிக்கான சான்றையும் பெற்றது.

இத்தனையும் நடக்கும்போது நாங்கள் அதைச் செமன் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெயர் தப்பாக இருந்தால், அந்த மீனுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கக்கூடத் தோன்றாது. மீனவர் குடும்பங்களில் பாரை, சூரை, கும்பளா, சாளை என்று ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்வார்கள். மூடி போட்ட கலனுக்குள் போனவுடன் அந்த அறிவு முழுவதும் 'ஒரு ரின்' ஆகிவிடுகிறது.

'சார்டின்' இதைவிட வழக்காடிய பெயர். சார்டினியா தீவின் பெயரால் வந்தது என்பார்கள். தமிழில் அதன் உறவுக்காரர் மத்தியும் சாளையும். ஐரோப்பியச் சமூகம் 1989ல் ஒரே ஒரு மீன் இனத்தைத் தவிர வேறெதையும் சார்டின் என்று கலனில் எழுதி விற்கக் கூடாது என்று விதி போட்டது. தன் கடல் மீனும் சார்டின்தான் என்று பெரு நாடு 2001ல் உலக வணிக அமைப்புக்குப் போனது, 2002ல் வென்றது. பெயரோடு இனப் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும் என்று ஆனது. ஒரு சொல்லுக்காக நாடுகள் வழக்குப் போட்டன என்று சிரிக்க வேண்டாம். வாங்குபவர் சொல்லைத்தான் வாங்குகிறார். மூடியைத் திறந்து பார்த்து வாங்க முடியாதே.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சார்டின் என்றால் தக்காளிக் குழம்பில் கிடக்கும் மீன், அதோடு பெரும்பாலும் சேவல் படம் போட்ட கலன். அல்பிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892ல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் முத்திரை அது. மக்கள் படத்தைப் பார்த்து மலாய் மொழியில் 'அயாம்', அதாவது கோழி, என்று கேட்கப் போய், அதுவே வணிகப் பெயராகிவிட்டது. கோழிப் பெயரில் மீன் விற்ற சந்தை உலகில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை, எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். பொருளுக்குப் பெயர் வைப்பவர் விற்பவர் அல்ல, கேட்டு வாங்குபவர்.

வாங்குபவர்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2020ல் ஊரடங்கு வந்தபோது கெடாத உணவு தேடி எல்லோரும் இந்தக் கலன்களிடம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளையோர் இதை ஏழை உணவாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அழகான அட்டையில் வரும் போர்த்துக்கல், ஸ்பெயின் மீன்களை விருந்துத் தட்டில் வைக்கத் தொடங்கினார்கள். போர்த்துக்கேயர் இந்த உணவை 'கொன்சர்வாஸ்' என்கிறார்கள். பேணிக் காத்தவை என்று பொருள். கலனைப் பார்க்காமல், காத்தல் என்ற செயலைப் பார்த்து வைத்த பெயர். இதைத்தான் நான் தமிழிலும் தேடுகிறேன்.

கேள்விகளும் கூடியிருக்கின்றன. எந்தக் கடல், எந்த மீன், எப்படிப் பிடித்தது? 1990ல் அமெரிக்காவில் சூரைக் கலன்களில் 'டொல்பினுக்குத் தீங்கில்லை' என்ற முத்திரை வந்தது வாங்குவோரின் கோபத்தால்தான். கிழக்குப் பசிபிக்கில் சூரைக் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தும் டொல்பின்களும் சுருக்குவலையில் சிக்கிச் செத்தன. மாலைதீவில் சூரையைத் தூண்டிற்கம்பால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அதற்கு 2012ல் சான்று கிடைத்தது. அந்தச் சூரைதான் காலங்காலமாக அவித்து, புகையூட்டி, காயவைத்து நம் சம்பலுக்கு மாசியாக வந்தது. ஆக, மாலைதீவு மாசியும் மாலைதீவுச் சூரைக் கலனும் ஒரே மீனை இரண்டு விதமாகக் காத்தவை.

சிறு மீன் என்றால் எப்போதும் தாராளமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. கேரளத்தில் 2012ல் 3.9 லட்சம் டன் நெய்மத்தி கரையேறியது. 2021ல் 3,297 டன். கடலின் சூடும் நீரோட்டமும் மாறியது ஒரு காரணம். குஞ்சு மீனைப் பிடித்தது சரிவைக் கூட்டியது. மத்தி சீக்கிரம் பெருகும் மீன், அதில் பாதரசமும் குறைவு, அதனால் பெரிய சூரையைவிட அதைச் சாப்பிடுவது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் குஞ்சை விட்டுப் பிடித்தால்தான் அது உண்மையாக இருக்கும்.

மீன் தீர்ந்துபோகாமல் பிடிக்கும் இந்த நோக்கத்துக்கும் தமிழில் ஒரு சொல் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 'நிலைத்த', 'நீடித்த' என்பார்கள். ஈழத்தில் 'நிலைபேறான' என்றும் 'பேண்தகு' என்றும் சொல்வோம். பேண்தகு என்றால் பேணத் தகுந்தது. இந்தச் சொல்லில்தான் எனக்கு வழி திறந்தது.

ஏனென்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கலனுக்குப் பெயரே பேணி. தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணி. அரிசி அளக்கும் பால்பேணி. பிள்ளைகள் வெறும் பேணிகளை அடுக்கி, பந்தால் எறிந்து விழுத்தி விளையாடும் பேணிப்பந்து. பாத்திரப் பெயரான பேணிக்கும் பேணு என்ற வினைக்கும் வேர் ஒன்றா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. காதில் இரண்டும் ஒன்றாக விழுகின்றன, அது போதும். உள்ளே மீனைப் பேணுவதும் பேணி, வெளியே கடலைப் பேணுவதும் பேண்தகு.

மற்றச் சொற்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'அடைத்த மீன்' என்றால் மசாலா அடைத்த மீன் என்று நினைப்பார்கள். 'டப்பா' வேற்றுமொழி என்பதோடு, தமிழ்நாட்டில் மட்டமானது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கலன் மீன்' அகராதியில் அழகாக இருக்கும், கடையில் கேட்க வராது. பேணியை வைத்தால் குடும்பமே அமைந்துவிடுகிறது: உணவு பேணிமீன், கலன் மீன்பேணி, செய்கை பேணியடைப்பு, செய்யும் இடம் பேணியாலை. அட்டையில் எழுதும்போது பேணிமீன் என்பதோடு நிற்காமல் பேணிச்சாளை, பேணிச்சூரை, பேணிக்கும்பளா என்று மீனின் பெயரையே ஒட்டி எழுதலாம். அப்போது செமன் என்ற முகமூடி கழன்றுவிடும்.

போன கிழமை எங்கள் சந்திக் கடையில் "அண்ணை, ஒரு பேணிமீன் தாங்கோ" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பெரிசோ சின்னனோ?"