தொண்டை கட்டி எத்தனை நாளாச்சு?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாடகர் குழுவை நடத்துகிறேன், குரல் பயிற்சியும் கொடுக்கிறேன். மார்கழியில் கரோல் ஒத்திகை தொடங்கினால் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிடும். "பனிக்குத்தான் டீச்சர்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படியே நம்பினேன்.

குழுவில் சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்) பாடும் ஒரு தங்கச்சி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறாள். ஒரு வருடம் அவளுக்கு மேல் ஸ்வரங்கள் எழும்பவே இல்லை. நான் அவளை ஆல்டோவுக்கு (பெண்களின் கீழ்க் குரலுக்கு) மாற்றினேன், கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் வீணாகப் போனது. அது என் தவறு.

கிளினிக்கில் மெல்லிய கமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு குரல் நாண்களிலும் சின்ன முடிச்சுகள். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அந்த நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. சொப்ரானோவின் மேல் 'லா' ஸ்வரத்தில் அது 880. அதோடு நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கத்திக் கூப்பிட்டால் நாணும் காய்த்துப்போகும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை காய்ப்பதுபோல.

நாம் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீர் குரல் நாணில் படுவதே இல்லை, உணவுக்குழாய் வழியாக இறங்கிவிடுகிறது. தொண்டைக்கு இதமாக இருக்கும், சரி, முடிச்சைக் கரைக்காது. கிசுகிசுப்பாகப் பேசுவதும் ஓய்வு இல்லை, பலருக்கு அது நாணை இன்னும் இறுக்கும். அடிக்கடி செருமுவதும் கெடுதல்தான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். குரல்வளைப் புற்றுநோயும் தொடக்கத்தில் பல சமயம் வெறும் கரகரப்பாகத்தான் தெரியும். புகைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்றுதான் தோட்டத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் போகச் சொல்கிறேன், முடிந்தால் கூடவே போகிறேன்.

அந்தத் தங்கச்சிக்கு ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. பேச்சுச் சிகிச்சையாளர் சொன்ன பயிற்சிகளைச் சில மாதம் விடாமல் செய்தாள். இப்போது பிள்ளைகளைக் கூப்பிட ஒரு சின்ன மணி வைத்திருக்கிறாள். அடுத்த மார்கழிக்குச் சொப்ரானோ வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.