இரண்டு நாள் கூலி

ஆடி மழையில் குளிர் இறங்கினால் போதும், கூடலூர்ப் பக்கத்திலிருந்து கைகால் வலியோடு பிள்ளைகள் எங்கள் வார்டுக்கு வந்துவிடுவார்கள். சிக்கிள் செல் சோகை. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் எலும்பைப் பிளப்பது போல வலிக்கும்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த நோய்க்கூறு இருப்பது 1952-லேயே ஆய்வில் பதிவானது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து வலி வரும் தடவைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்பதை 1995-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. குழந்தைகளுக்கும் அது பலன் தரும் என்று பிறகு உறுதியானது.

அந்த மருந்தைத்தான் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது முறையும் விரல்களை மடக்க முடியாமல் வந்தாள். 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அவள் அம்மா மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்றுகூட மிச்சமில்லை. தீர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"இரத்தம் பார்க்காமல் மாத்திரை கிடையாது என்கிறீர்கள். இரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள். இரண்டு நாள் கூலி போய்விடுகிறது, டாக்டரம்மா."

எழுதியதை அடித்தேன். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்தக் கூலிக் கணக்கை நான் படித்ததில்லை.

இந்த மருந்து வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் குறைத்துவிடலாம். அதனால் பரிசோதனையைக் கைவிட முடியாது. ஆனால் அதற்காக அந்த அம்மா இரண்டு முறை பஸ் ஏற வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அது நாங்களாக வைத்த வழக்கம். இப்போது செவிலியர், பழங்குடிக் குடியிருப்புக்குப் போகிற நாளிலேயே இரத்தம் எடுத்து வருகிறார். முடிவைப் போனில் சொல்கிறோம். அடுத்த மாத்திரை அவர் கையிலேயே போகிறது. காப்ஸ்யூல் 500 மில்லிகிராம்; சிறுமியின் எடைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாத்திரை நாட்களுக்கு அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

2023-இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. மனதார வரவேற்கிறேன். நோய் இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்கு மாதாமாதம் மாத்திரை போய்ச்சேரும் வழியையும் அதே வேகத்தில் போட வேண்டும்.

மழை வலுத்தால் மேல் குடியிருப்புகளுக்கு ஜீப் ஏறாது. ஆகவே, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராக உள்ள பிள்ளைகளுக்கு ஜூன் முதல் வாரத்திலேயே இரண்டு மாத மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம்.