எஸ்டிமேட் – மதிப்பீடு: ஒரே சாலைக்கு எத்தனை தொகை?

நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் "எஸ்டிமேட் போட்டாச்சு" என்றால் உதவிப் பொறியாளர் அளவெடுத்துக் கணக்கு முடித்துவிட்டார் என்று பொருள். "எஸ்டிமேட் சேங்ஷன் ஆயிடுச்சு" என்றால் மேலிடம் ஒப்புக்கொண்டது என்று பொருள். சட்டமன்றத்தில் 'மதிப்பீடுகள்' என்றால் அது சாலையைப் பற்றியதே அல்ல, அரசின் ஓர் ஆண்டு வரவு செலவைப் பற்றியது. மூன்றுக்கும் ஒரே சொல் என்பதால்தான், செய்தியில் வந்த தொகையும் ஒப்பந்தத் தொகையும் ஏன் பொருந்தவில்லை என்று ஊரில் சண்டை வருகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனின் 'ஈஸ்திமாரே': விலை வைத்தல், மதித்தல். ஒருவரை மதிப்பதைக் குறிக்கும் 'எஸ்டீம்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். தமிழில் 'மதிப்பு' என்பதும் விலையையும் மரியாதையையும் சேர்த்தே சுட்டுகிறது. மதிப்பு + ஈடு = மதிப்பீடு. 'இடு' என்ற வினை 'ஈடு' என்று நீண்டு பெயராகும். அளவீடு, வெளியீடு போன்றவையும் அப்படி அமைந்தவையே.

'உத்தேசத் தொகை', 'தோராய மதிப்பீடு' என்றும் எழுதுகிறார்கள். இவற்றை முதல் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கட்டத்தில் அளவு எடுக்கப்படுவதில்லை. அண்மையில் முடிந்த இதே வகைச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆனது என்று பார்த்து, நீளத்தால் பெருக்குகிறார்கள். பெரும்பாலும் நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணையில் ஏறுவதும், அமைச்சர் அறிவிப்பதும் இந்தத் தொகைதான். அடுத்து வருவது விரிவான மதிப்பீடு. இதற்குத்தான் உரிய பொறியாளர் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறார். ஒப்பந்தப்புள்ளி கோருவது அதற்குப் பிறகு.

விரிவான மதிப்பீடு என்பது அளவை விலையால் பெருக்குவது. ஏழு மீட்டர் அகல இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் மேல்தளம் போட 210 கன மீட்டர் கலவை வேண்டும். எடையில் அது ஏறக்குறைய 490 டன். அதில் ஜல்லியை ஒட்டவைக்கும் தார் போன்ற பிட்டுமின் 5.4 விழுக்காடு என்றால் 26 டன்னுக்கு மேல். அடியில் 200 மில்லிமீட்டர் ஜல்லி அடுக்கு, சாலை அகலத்துக்கு மட்டுமே 1,400 கன மீட்டர். ஒவ்வொரு வேலைக்கும் ஆள், இயந்திரம், பொருள், மேற்செலவு, ஒப்பந்ததாரர் லாபம் 10 விழுக்காடு எனக் கூட்டி அலகு விலை வரும். அதற்கு அடிப்படை அந்த ஆண்டின் விலை விகிதப் பட்டியலும், ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தரவுப் புத்தகமும். இதன் மேல் சரக்கு சேவை வரி, கட்டுமானத் தொழிலாளர் நல நிதி, எதிர்பாராச் செலவு ஆகியவை ஏறும்.

தவறு பெரும்பாலும் பெருக்கலில் நடப்பதில்லை. முதல் சந்தேகம் 'லீட்'. குவாரியிலிருந்து பணியிடத்துக்கு உள்ள தூரத்துக்கு அதுதான் பெயர். 15 கிலோமீட்டர் என்று எழுதிய குவாரி உரிமம் முடிந்து மூடியிருந்தால், கல் 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும். 1,400 கன மீட்டருக்கு அந்த வண்டி வாடகையை யார் தருவது? அடுத்தது மண்ணின் தாங்குதிறன். அதை அளக்கும் சி.பி.ஆர். சோதனைக்கு மண் மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைக்க வேண்டும். மேட்டில் கிடைத்த நல்ல மண்ணை மட்டும் சோதித்து, ஏரிக்கரையோரக் களிமண்ணை விட்டுவிட்டால் தள கனம் குறைவாக வரும், தொகையும் அழகாகக் குறையும். முதல் மழைக்காலத்தில் அந்தக் கணக்கு வெளுத்துவிடும். போக்குவரத்துக் கணக்கெடுப்பும் அப்படியே. ஏழு நாள், இருபத்துநான்கு மணி நேரமும் எண்ண வேண்டியதை ஒரு நாள் பகலில் எண்ணிப் பெருக்கினால், இரவில் ஓடும் மணல் லாரி கணக்கில் வராது.

மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றும் செலவும் நில எடுப்பும் விடுபட்டால் பணி பாதியில் நிற்கும். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிலத்துக்குச் சந்தை மதிப்பின் மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் உண்டு என்பதால், நகர்ப்புறச் சாலைகளில் கட்டுமானத்தைவிட நிலமே அதிகம் விழுங்கிவிடும். சில நேரம் யாருடைய தவறும் இல்லாமலே தொகை மாறும். அரசு சாலைப் பணிகளுக்கான சரக்கு சேவை வரி 2022 ஜூலை 18 முதல் 12இலிருந்து 18 விழுக்காடானது. 10 கோடி ரூபாய் பணிக்கு ஒரே நாளில் 60 இலட்சம் கூடியது.

இங்கேதான் 'திருத்திய மதிப்பீடு' வருகிறது. அதே பணிக்குச் செலவு கூடினால் திருத்திய மதிப்பீடு. பணியிலேயே புதிதாக ஒன்று, ஒரு சிறுபாலம் போல, சேர்ந்தால் துணை மதிப்பீடு. நிதித் துறைக்குப் போனால் இதே சொற்களுக்கு அர்த்தம் வேறு. அங்கே 'திருத்த மதிப்பீடு' என்பது ஆண்டின் நடுவில் துறையின் ஒதுக்கீட்டை மறுபடி கணிப்பது. 'துணை மதிப்பீடு' என்பது கூடுதல் பணத்துக்காகச் சட்டமன்றத்தை மறுபடி அணுகுவது.

ஒப்புதல் பெற்ற மதிப்பீடு பணம் அல்ல. பணம், துறைவாரியாகச் சட்டமன்றம் நிறைவேற்றும் மானியக் கோரிக்கை வழியாகத்தான் வர வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு அது எண் 21. புதிய சாலை, பாலம் என்றால் மூலதனக் கணக்குத் தலைப்பு 5054, பராமரிப்பு என்றால் 3054. பல ஆண்டுப் பணிக்கு ஓர் ஆண்டில் அதன் ஒரு பகுதிதான் ஒதுக்கப்படும், மார்ச் 31க்குள் செலவாகாதது காலாவதியாகும். பங்கு யாருடையது என்பதும் தனிக் கேள்வி. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒன்றியம் 60 விழுக்காடு, மாநிலம் 40. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர் 3 அன்றுதான் வந்தது. அதுவரை பணி மாநிலத் திட்டமாகவே நடந்தது.

'பட்ஜெட்' பழைய பிரெஞ்சில் சின்னத் தோல்பை. அரசியலமைப்பின் 112, 202ஆம் பிரிவுகளில் அந்தச் சொல்லே இல்லை. 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் உள்ளது. தமிழக அரசு வழக்கு 'வரவு-செலவுத் திட்டம்'. இலங்கையில் 'பாதீடு' என்றும் எழுதுகிறார்கள். தொல்காப்பியத்தில் பாதீடு வெட்சித் திணையின் ஒரு துறை: கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தல். குறளின் 'பாத்தூண்' என்பதும் அதே வேர், பகுத்து உண்ணும் உணவு. ஒரு பணிக்கு எவ்வளவு ஆகும் என்பது மதிப்பீடு, இருப்பதில் யாருக்கு எவ்வளவு என்பது பாதீடு. இந்தப் பிரிவினை இங்கும் வழக்கில் வந்தால் குழப்பம் பாதி குறையும்.

அதுவரை, 'மதிப்பீடு' என்று தனியே எழுதாமல் தோராய, விரிவான, திருத்திய என்ற அடைமொழியோடும், விலைப்பட்டியல் ஆண்டோடும் எழுதலாம். வருங்கால வாகன எண்ணிக்கையை மதிப்பீடு என்னாமல் 'கணிப்பு' என்றால் போதும்.